தீன் எறியும் மெசினுக்கு எந்த மோட்டர், எந்த பற்றரி?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். கனடாவில் இருக்கிற மாமா, அங்கே மான்களுக்குச் சோளம் எறிகிற 6 வோல்ட் மெசின் ஒன்றை அனுப்பியிருக்கிறார். நெடுங்கேணிக் காணியில் ஊர்க்கோழிகளுக்கு அதைப் பூட்டியிருக்கிறீர்கள். கொஞ்சக் காலம் ஒழுங்காக எறிந்தது. பிறகு களவுக்குப் பயந்து பற்றரியைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, அங்கிருந்து 10 மீற்றர் வயர் இழுத்திருக்கிறீர்கள். இப்போது ஒருநாள் எறிகிறது, மற்றநாள் முனகிவிட்டு நிற்கிறது, மணிக்கூடும் தன்பாட்டில் மாறி நடுச்சாமத்தில் எறிகிறது. 12 வோல்ட் கொடுத்தால் சரிவருமா, பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி போடலாமா, மோட்டரை மாற்றுவதென்றால் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் மோட்டர் பழுது என்று நான் நினைக்கவில்லை, பற்றரியும் அநேகமாகப் பழுதில்லை. குற்றவாளி அந்த 10 மீற்றர் வயர்தான்.

கணக்கைப் பாருங்கள். கடையில் சும்மா ‘வயர் தாங்கோ’ என்று கேட்டால் வெட்டித் தருகிற மெல்லிய வயர் பெரும்பாலும் 0.5 சதுர மில்லிமீற்றர். 10 மீற்றர் தூரம் என்றால் மின்சாரம் போய்த் திரும்பி வர 20 மீற்றர் செம்பு. அதன் தடை கிட்டத்தட்ட 0.7 ஓம். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டர் 2 அம்பியர்தான் எடுக்கும் என்றாலும், நின்ற நிலையிலிருந்து கிளம்புகிற அந்தக் கணத்தில் அதைப் போல ஐந்து, பத்து மடங்கை இழுக்கப் பார்க்கும். வெறும் 5 அம்பியர் ஓடினாலே வயருக்குள் 3.4 வோல்ட் காணாமல் போய்விடும். உங்களிடம் இருப்பதே 6. மிச்சம் இரண்டரை வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டர் என்ன செய்யும், முனகத்தான் செய்யும். அதே வயரின் அந்தத் தலைப்பில்தான் ரைமரும், அதாவது நீங்கள் சொன்ன அந்த மணிக்கூடும், தொங்குகிறது என்பதால் அதற்கும் மின் விழுந்து, நேரம் அழிந்து, பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நடுச்சாமத்தில் எறிவதன் காரணம் இதுதான், பேயுமில்லை பிசாசுமில்லை.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பற்றரியைக் கொண்டுபோய் மெசினுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு முழ வயரில் கொடுத்துப் பாருங்கள். ஒழுங்காக எறிந்தால் கதை முடிந்தது. பிறகு பற்றரியை அங்கேயே ஒரு பூட்டுப் பெட்டியில் வைக்கலாம், அல்லது கொட்டிலிலிருந்தே கொடுக்க வேண்டுமானால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுக்கலாம். அதில் அதே 5 அம்பியருக்கு இழப்பு 0.7 வோல்ட்தான். என்னைக் கேட்டால் முதலாவதுதான் நல்லது. 6 வோல்ட்டை நீளமாக இழுப்பது எப்போதும் நட்டம்.

ரைமர் அழிவதைத் தடுக்க இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். ரைமருக்குப் போகிற பிளஸ் வயரில் மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற 1என்4007 டயோட் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதற்கு அடுத்த பக்கம் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே கொஞ்ச நேரத்துக்கு மின்னைச் சேர்த்து வைக்கிற 2200 மைக்ரோபராட் கப்பாசிட்டர் ஒன்றைக் கட்டுங்கள். மோட்டர் கிளம்பும்போது வோல்ட் விழுகிற அந்த அரைச் செக்கனுக்கு ரைமரைக் கப்பாசிட்டர் தாங்கும். டயோட் இருப்பதால் மோட்டர் அந்தக் கையிருப்பைத் திருப்பி உறிஞ்சவும் முடியாது. டயோட் 0.7 வோல்ட் அளவில் தின்னும் என்பதை மறக்க வேண்டாம், 12 வோல்ட்டில் அது ஒன்றுமில்லை, 6 வோல்ட்டில் கொஞ்சம் உறைக்கும். இன்னொரு டயோட் மோட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே தலைகீழாக, அதாவது கோடு போட்ட பக்கம் பிளஸுக்கு வருகிற மாதிரி. மோட்டர் நிற்கும்போது எழும்புகிற திடீர் வோல்ட்டை அது விழுங்கிவிடும், றிலேயின், அதாவது ரைமர் சொல்ல மோட்டருக்கு மின் கொடுக்கிற சுவிச்சின், முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்வது குறையும். றிலே ஒட்டினால் பரலில் உள்ள அவ்வளவு தீனும் ஒரே நாளில் நிலத்தில்.

இனி 12 வோல்ட் கதை. 6 வோல்ட் மோட்டருக்கு 12 கொடுத்தால் உடனே எரிந்துவிடாது, சில செக்கன்தானே ஓடுகிறது. ஆனால் வேகம் வோல்ட்டோடு ஏறும். இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிற தட்டு எறிகிற தூரம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே போகும். மானுக்கு எறிய உண்டாக்கிய மெசின் ஏற்கெனவே பத்து மீற்றர் அளவில் எறிகிற சாமான். அதை இன்னும் உரப்பினால் உங்கள் தீனில் பக்கத்துக் காணிக் கோழிகள்தான் வளர்ந்து பெருகும். மோட்டருக்குள் உரசி மின் கொடுக்கிற கரிப் பிரஷ் சீக்கிரம் தேயும், 6 வோல்ட் றிலே சுருள் நாலு மடங்கு சூடாகும், ரைமர் தாங்குமா என்பது அதன் உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வேண்டாம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 6 வோல்ட்டிலேயே இருப்பது. எமேர்ஜென்சி லைட்டுக்குள் வருகிற 6 வோல்ட் 4.5 அம்பியர் மணி பற்றரி வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மின்சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும், சின்னப்பிள்ளைகள் ஓடுகிற பற்றரிக் காருக்கும் 6 வோல்ட் பற்றரி வரும். ஆனால் 12 வோல்ட் சோலர் தட்டை அதற்கு அப்படியே கொடுக்கக் கூடாது, 6 வோல்ட்டையும் கவனிக்கிற கொன்றோலர், அதாவது சோலரிலிருந்து பற்றரிக்கு ஏறுகிற சாஜை அளவாக வைத்திருக்கிற பெட்டி, தேட வேண்டும். இரண்டாவது, மோட்டரையும் ரைமரையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு, பரல், புனல், தட்டு, கால் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பது. எங்கள் பக்கத்துக்கு இதுதான் புத்தி. 12 வோல்ட் பற்றரி, பியூஸ், சாஜர், சோலர் எல்லாம் மாங்குளத்துக் கடையிலும் கிடைக்கும், மல்லாவியிலும் கிடைக்கும். மெசின் நின்றால் அன்றைக்கே சரிக்கட்டலாம். சிலர் இரண்டு 6 வோல்ட் பற்றரியைத் தொடுத்து 12 ஆக்கிவிட்டு, நடுவிலிருந்து 6 வோல்ட்டையும் எடுப்பார்கள். ஒரு பற்றரி எப்போதும் பட்டினி, மற்றது எப்போதும் வயிறு முட்ட. இரண்டும் சீக்கிரம் சாகும்.

மோட்டர் தெரிவுக்கு வருவோம். எறிகிற தட்டு என்றால் வேகம் வேண்டும், பலம் அவ்வளவு வேண்டாம். திருகாணி மாதிரி சுற்றித் தள்ளுகிற வகை என்றால் பலம் வேண்டும், வேகம் வேண்டாம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ‘நல்ல மோட்டர்’ என்று ஒன்றை வாங்கினால் காசு மண்.

முழுச் சோளம், நெல், குளிசை மாதிரி வருகிற தீன் இவையெல்லாம் எறிதட்டுக்குச் சரி. மாவாக அரைத்த கோழித்தீன், தவிடு, குருணல் கலந்தது இவை எறிதட்டுக்கு ஒத்துவராது, புனலின் கழுத்தில் பாலம் கட்டி நின்றுவிடும், மாரியில் களியாகிவிடும். மாத்தீன்தான் கொடுக்கிறீர்கள் என்றால் திருகுக்கு மாறுங்கள். அதற்குப் பழைய வாகனச் சாமான் கடையில் கிடைக்கிற வைப்பர் மோட்டர் மாதிரி ஒரு சாமானை எவ்வளவு காசு கொடுத்தாலும் புதிதாக வாங்க முடியாது. 12 வோல்ட், உள்ளே புழுப்பல்லு கியர், நிமிடத்துக்கு நாற்பது அறுபது சுற்று, மழைக்கும் புழுதிக்கும் பழகியது. வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். பலவற்றில் உடம்பே மைனஸ், எனவே தகரப் பரலில் நேரடியாகப் பூட்டிவிட்டு பிளஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் பரலே மின்பாதை ஆகிவிடும். அடுத்தது, நாலைந்து வயர் வெளியே வரும், அதில் மெதுவேகம், கதிவேகம் தவிர மிச்சம் தடியைக் கண்ணாடியின் அடியில் கொண்டுவந்து நிறுத்துவதற்கானது. மெதுவேக வயரையும் மைனஸையும் மட்டும் பாவியுங்கள், மிச்சத்தைத் தனித்தனியாக டேப் சுற்றி விடுங்கள். கதவுக் கண்ணாடி ஏற்றி இறக்குகிற மோட்டரும் பலமானதுதான், ஆனால் அது நீண்டநேரம் ஓட உண்டாக்கியதல்ல, சூட்டில் தானாக நிற்கிற பாதுகாப்பு சிலதில் இருக்கும். சில செக்கன் ஓட்டத்துக்குப் பரவாயில்லை.

எறிதட்டுக்கு இணையத்தில் ‘775’ என்று ஒரு மோட்டர் விற்பார்கள். அந்த இலக்கம் மோட்டரின் பருமனைத்தான் சொல்கிறது, வோல்ட்டை அல்ல. ஒரே தோற்றத்தில் 12 உம் இருக்கும், 18 உம் இருக்கும், 24 உம் இருக்கும். 24 வோல்ட் மோட்டரை 12 இல் ஓட்டினால் பாதி வேகம். கோழிக்கு அது நல்லதுதானே என்று சொல்வீர்கள், உண்மைதான், ஆனால் கிளம்புகிற பலமும் பாதியாகிறது. தட்டின் மேல் தீன் அழுத்திக்கொண்டு நிற்கும்போது அந்தப் பலம்தான் முக்கியம். அதேபோல வேகத்தைக் குறைக்கத் தொடரில் ரெசிஸ்டர் போடுகிற வேலையும் வேண்டாம். தூரம் கூடினால் தட்டைச் சின்னதாக வெட்டுங்கள், அல்லது அதன் மடிப்பு விளிம்புகளைக் கொஞ்சம் தட்டிச் சரியுங்கள். மின்னைத் தொடாமல் தீரும் காரியம்.

மோட்டர் எவ்வளவு பொல்லாதது என்று வாங்க முன் அறிய ஒரு வழி. மீற்றரை ஓம் பக்கம் வைத்து மோட்டரின் இரண்டு காலையும் அளவுங்கள், தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆகக் குறைந்த அளவை எடுங்கள். 12 ஐ அதால் பிரித்தால் மோட்டர் இறுகி நிற்கும்போது எவ்வளவு இழுக்கும் என்று வரும். 1 ஓம் என்றால் 12 அம்பியர். ஓடும்போது 2 எடுக்கிற மோட்டர் இறுகினால் 12 எடுக்கிறது. கல்லோ சோளப்பொத்தித் துண்டோ மாட்டித் தட்டு நின்றால் அந்த 12 அம்பியரும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும், சுருளின் வார்னிஷ் கருகி மீன் கருவாடாகிற மணம் வரும். அதற்குத்தான் பியூஸ். இப்படியான மோட்டருக்கு 5 அம்பியர் பியூஸ் அளவானது, கிளம்புகிற அந்தக் கண இழுவையைத் தாங்கும், இறுகி நின்றால் எரிந்து விலகும். பியூஸ் பற்றரியின் பிளஸ் முனைக்கு ஒட்டியபடி இருக்க வேண்டும், மோட்டரின் பக்கத்தில் அல்ல. வயரை எலி கடித்துச் சோட் ஆனால் சின்ன 7 அம்பியர் மணி பற்றரிகூட நூறு அம்பியருக்கு மேல் தள்ளும், கிடுகுக் கொட்டில் பற்றி எரிய அது போதும்.

இனிப் பற்றரி. இதில்தான் ஆட்கள் எல்லாரும் தேவையில்லாமல் பெரிது வாங்குகிறார்கள்.

மோட்டர் 2 அம்பியர், ஒரு தரம் 8 செக்கன், காலையும் மாலையும் என்று வையுங்கள். அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 0.009 அம்பியர் மணி. ஒன்றுமே இல்லை. ரைமர் சும்மா இருக்கும்போது 5 மில்லி அம்பியர் எடுக்கிறது என்றால், 24 மணித்தியாலத்துக்கு 0.12 அம்பியர் மணி. அதாவது சத்தம் போட்டு எறிகிற மோட்டரைவிட, சத்தமே இல்லாமல் மினுங்கிக்கொண்டிருக்கிற ரைமர் பதின்மூன்று மடங்கு தின்கிறது. அதற்கு மேல் மலிவான சோலர் கொன்றோலர் தன் செலவுக்கே 10 மில்லி அம்பியர் வரை எடுக்கும், அது 0.24. மூன்றையும் கூட்டினால் 0.37. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 7 அம்பியர் மணியில் பாவிக்கக்கூடியது 3.5. வெயிலே இல்லாவிட்டால் ஒன்பது நாள். பற்றரியைப் பெரிதாக்காமல் ரைமரிலும் கொன்றோலரிலும் எரிகிற சின்ன லைட்டுகளைக் கழற்றினாலே இது கூடிவிடும். சோலரைக் கழற்றிவிட்டு, 1 மில்லி அம்பியர் எடுக்கிற ரைமர் ஒன்றைப் போட்டால் அதே பற்றரி மூன்று மாதம் அளவில் நிற்கும், தானாக வடிகிறதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கொருமுறை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாஜ் பண்ணினால் போதும். சோலரே தேவையில்லாத ஆட்கள் நிறையப் பேர் சோலர் போட்டிருக்கிறார்கள்.

படித்த பெடியள் ஆர்டுயினோ என்கிற, புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன மின்போட்டை வைத்துச் செய்து, பற்றரி நிற்கவில்லை என்று வருவதும் இதனால்தான். அதில் ஊனோ என்கிற போட் ஒன்று சும்மா இருக்கவே 45 மில்லி அம்பியர் அளவில் எடுக்கும். ஒரு நாளைக்கு 1 அம்பியர் மணிக்கு மேல். 7 அம்பியர் மணி பற்றரி ஒரு கிழமை தாங்காது. வைபை உள்ளது என்றால் அதிலும் மோசம். போட்டைத் தூங்க வைக்கிற புரோகிராம் எழுதத் தெரியாவிட்டால் சாதாரண வாராந்த ரைமர்தான் நல்லது.

உங்கள் ரைமர் எவ்வளவு எடுக்கிறது என்று மீற்றரைத் தொடரில் போட்டு ஒருமுறை அளந்துவிடுங்கள். அளக்கும்போது மோட்டர் கிளம்பிவிட்டால் மில்லி அம்பியர் பக்கத்து பியூஸ் போய்விடும், எனவே மோட்டர் வயரைக் கழற்றிவிட்டு அளவுங்கள்.

எந்த வகைப் பற்றரி? இறுக மூடிய ஈயப் பற்றரி, அதாவது யூபிஎஸ்ஸுக்குள் வருகிற 12 வோல்ட் 7 அம்பியர் மணி, இதற்குப் போதும். கடையில் வாங்கும்போது மீற்றரைக் கொண்டுபோங்கள். நல்லது 12.7 அளவில் நிற்கும். 12.4 க்குக் கீழே காட்டினால் கடைத் தட்டில் நீண்டநாள் கிடந்து உள்ளே தட்டுகளில் சல்பேற் உப்புப் பிடித்தது, சாஜ் பண்ணித் தருகிறேன் என்றாலும் வாங்க வேண்டாம். சந்தேகம் என்றால் வாகனச் சிக்னல் லைட்டுக்குப் போடுகிற 21 வாற்று பல்ப் ஒன்றை ஐந்து நிமிடம் எரிய விட்டுப் பாருங்கள், 12 க்குக் கீழே போனால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி போடலாமா என்றால், போடலாம், ஒரு சோதனையோடு. முழுதாகச் சாஜ் பண்ணி, ஒன்றிலும் கொழுவாமல் ஒரு கிழமை சும்மா வையுங்கள். 12.4 க்கு மேல் நின்றால் இந்த மெசினுக்கு அது இன்னும் உழைக்கும். சைக்கிளை ஸ்டார்ட் பண்ணப் பலம் காணாத பற்றரி, 2 அம்பியர் மோட்டருக்குப் போதுமாயிருக்கும். தானாக வடிந்து 12 க்குப் போய்விட்டால் உள்ளே தட்டுக்கள் முடிந்துவிட்டன, எவ்வளவு சாஜ் ஏற்றினாலும் ஓட்டை வாளிதான். தண்ணீர் விடுகிற வகை என்றால் பற்றரித் தண்ணி மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படிகிறதே, அது பற்றரிக்குள் போனால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லித்தியத்தில் இரண்டு சாதி. இரும்பு பொஸ்பேற் வகை, நாலு செல் தொடுத்து 12.8 வோல்ட் வருவது, விலை கூட என்றாலும் சூட்டுக்கும் தாங்கும், ஈயத்தைப் போலப் பல மடங்கு காலம் உழைக்கும். அதற்குரிய சாஜ் அளவு 14.4 முதல் 14.6, பாதுகாப்பு போட் உள்ளே இருக்க வேண்டும், கொன்றோலரும் லித்தியத்துக்கு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, கடைசிவரை ஒரே அளவில் நின்றுவிட்டுப் பொத்தென்று விழும். உங்கள் 6 வோல்ட்டை வைத்திருக்கவே விருப்பம் என்றால் இதில் இரண்டு செல் தொடுத்தால் 6.4 வரும், அழகாகப் பொருந்தும். மற்றச் சாதி, டோர்ச்சுக்குள் வருகிற 18650 உருளைகள். அதில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் பொய் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம், அந்தப் பருமனில் நல்ல கம்பனிச் செல்லே 3500 சொச்சம்தான் பிடிக்கும். பெயர் தெரியாத அந்தச் செல்களைத் தகரப் பெட்டிக்குள் வெயிலில், அதுவும் தீனும் வைக்கோலும் பக்கத்தில் இருக்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

டோர்ச் பற்றரி நாலு போட்டு ஓட்டுகிற மெசின்களும் உண்டு. அல்கலைன் என்றால் பரவாயில்லை, மலிவானவை ஊறி முனைகளைத் தின்றுவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் டோர்ச் பற்றரிகூட வராது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம், ஊறிய பற்றரியைக்கூட வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்ட காலம். அந்தப் பழக்கத்தில் இப்போதும் பழையதையும் புதியதையும் கலந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழையது முதலில் முடிந்து, மற்றவை அதைத் தலைகீழாகச் சாஜ் பண்ணி, ஊறப்பண்ணும். போடுவதென்றால் எல்லாம் புதிது.

ஈயப் பற்றரியைக் கொல்வது இரண்டு. வெறுமையாகக் கிடப்பது, சூடு. வெறுமையாக ஒரு மாதம் கிடந்த பற்றரியில் சல்பேற் கல்லாகிவிடும், பிறகு அதை எழுப்ப முடியாது. சூடு என்றால், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆடி ஆவணியில் சோளகம் அடிக்க, கறுப்புப் பெட்டிக்குள் வெயிலில் வைத்த பற்றரி என்ன பாடுபடும் என்று கையை வைத்துப் பாருங்கள். பெட்டிக்கு வெள்ளை அடியுங்கள், பரலின் நிழல் விழுகிற பக்கம் வையுங்கள், அடியில் சின்னத் துவாரம் விடுங்கள். இறுக மூடிய பற்றரி என்றாலும் சாஜ் கூடினால் வாயு வரும், எனவே பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைக்கக் கூடாது. நிரந்தரமாகக் கொழுவி வைக்கிற சாஜ் அளவு 13.5 முதல் 13.8. இந்த வெக்கைக்கு அதில் குறைந்த பக்கமே நல்லது.

சோலர் போடுவதென்றால் 10 வாற்று போதும். 5 வாற்று வெயில் காலத்துக்குச் சரி, ஐப்பசியிலிருந்து தை வரை மாரி இருட்டில் இழுபடும். தட்டைத் தெற்குப் பார்த்து 10, 15 பாகை சரித்து வையுங்கள். வன்னி வட அகலக்கோடு 9 பாகையில் இருப்பதால் சித்திரை வருசத்தை ஒட்டிச் சூரியன் நேரே உச்சியில் நிற்கும், பிறகு ஆவணி வரை வடக்கால்தான் போகும். அப்போது தெற்குப் பார்த்த தட்டுக்குக் கொஞ்சம் நட்டம், ஆனால் அது வெயில் மலிந்த காலம். வெயில் குறைந்த மார்கழியில் சூரியன் தெற்கே நிற்கும், நமக்கு அது முக்கியம். தட்டையாகப் படுக்க வைத்தால் புழுதியும் காக்கை எச்சமும் கழுவுப்படாது. பனை நிழலைக் கவனியுங்கள், ஒரு மூலையில் ஓலை நிழல் விழுந்தாலே தட்டின் பெரும்பங்கு செத்துவிடும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஆவணி முடிய, மழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றுங்கள். எறிதட்டு மோட்டர் நிமிர்ந்து நிற்பதால் தீன் தூள் தண்டு வழியே, தண்டைத் தாங்குகிற வளையமான புஷ்ஷுக்குள் இறங்கும், அதுதான் எறிமோட்டர்களின் முதல் வருத்தம். தண்டில் ஒரு ரப்பர் வட்டம் வெட்டி இறுக்கமாகப் போட்டுவிட்டால் தூளும் தண்ணீரும் அதில் பட்டு வெளியே தெறிக்கும். புஷ்ஷுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. ஒரு துளி என்றால் ஒரு துளிதான், கூடினால் பிரஷ் கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். மோட்டருக்குள் ஸ்பிறே அடிக்க வேண்டாம். தட்டைப் பிடிக்கிற சின்ன ஸ்குரூ தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், வழுக்கினால் மோட்டர் சுற்றும், தட்டு நிற்கும். புனல் வாய்க்கும் தட்டுக்கும் இடையில் சோளத்துக்கு ஒரு விரல் மொத்தத்துக்குக் கொஞ்சம் கூட இடைவெளி. பற்றரி முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, காயவிட்டு, வசிலின் பூசுங்கள்.

புதிதாகப் பூட்டியபோது மோட்டர் ஓடுகிற அம்பியரை அளந்து பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் 2 இருந்தது 3 ஆகியிருந்தால் புஷ் காய்ந்திருக்கிறது, அல்லது தட்டு எங்கோ உரசுகிறது. எரிய முன்பே பிடித்துவிடலாம்.

வயர்கள் பெட்டிக்குள் கீழிருந்து ஏற வேண்டும், ஏறமுன் ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அதில் வழிந்து விழும். எறும்பு றிலேக்குள் குடிபுகும், பல்லி முட்டை இடும், எனவே துவாரங்களுக்கு மெல்லிய வலை. எலிக்கு பிவிசி குழாய். குரங்குக்கு மருந்தில்லை. மெசினின் நேரத்தை அது கோழியைவிடச் சீக்கிரம் பழகிவிடும், தட்டைக் கையால் சுழற்றித் தின்னவும் பழகும். தட்டைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்தால் கொஞ்சம் அடங்கும்.

யானை விசயம் விளையாட்டில்லை. நெடுங்கேணிப் பக்கம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோளமும் நெல்லும் நிரம்பிய பரலை காட்டு ஓரத்தில் நிறுத்துவது அழைப்பிதழ் கொடுத்த மாதிரி. வீட்டுப் பக்கமாக வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கான தீன் மட்டும் போடுங்கள், பரல் பெரிது என்பதற்காக நிரப்ப வேண்டாம். இன்னொன்று, மாமா அனுப்பிய பெட்டியில் மான் படம் போட்டிருக்கும். அங்கே சில இடங்களில் தீன் போட்டு வேட்டையாட அனுமதி உண்டு. இங்கே மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. யாராவது சிநேகிதர் ‘காட்டுக்கரையில் ஒன்று பூட்டித் தா’ என்று கேட்டால் நீங்கள் போக வேண்டாம்.

செத்த பற்றரியை உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம், அந்த மண்ணைத்தான் கோழி கிளறும். நிறைக்கு எடுக்கிற கடையில் அப்படியே கொடுத்தால் புதியதன் விலையில் கழிப்பார்கள்.

இப்போது மூன்று அளவு எடுத்து எழுதுங்கள்: பற்றரி முனையில் சும்மா நிற்கும்போது வோல்ட், மோட்டர் கிளம்பும் கணத்தில் மெசின் பக்கத்து வோல்ட், மோட்டர் கழற்றிய நிலையில் ரைமர் எடுக்கிற மில்லி அம்பியர். முதலாவது 6.2 க்கு மேல், இரண்டாவது 5 க்குக் கீழ் என்று வந்தால் வயரை மட்டும் மாற்றுங்கள். முதலாவதே 6 க்குக் கீழ் என்றால் பற்றரியைச் சாஜ் பண்ணிவிட்டு மறுநாள் திரும்ப அளந்து சொல்லுங்கள், அதற்குப் பிறகு 12 வோல்ட்டுக்கு மாறுவதைப் பற்றிக் கதைப்போம்.